கழுவி வைத்த அறையின் காற்று

எங்கள் ஆய்வகத்தின் காற்று மாதிரிப் படிவத்தில் இருபத்திரண்டு கட்டங்கள் இருக்கின்றன. பதினேழாவது கட்டத்தில் உள்ள கேள்வி இது: ‘கடந்த இரண்டு நாட்களில் இந்த அறை கழுவப்பட்டதா, கூட்டப்பட்டதா, சாம்பிராணி போடப்பட்டதா? சொன்னவர் யார்?’

நான் ஓய்வு பெற்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன. போன மாதம், அங்கே இப்போது மாதிரி எடுக்கும் வேலையில் இருக்கும் தேவி என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

“அங்கிள், அந்தப் பதினேழாவது கோத்தாக்கை எடுத்துடலாமான்னு பாஸ் கேக்குறாரு. புது சிஸ்டம்ல அதுக்கு எடமில்ல. நாங்க எப்பவும் ‘தியாடா’ன்னுதான் போடுறோம்.”

கோத்தாக் என்றால் மலாயில் கட்டம், தியாடா என்றால் ‘இல்லை’.

“எப்பவுமா? கேட்டுட்டா போடுறீங்க?”

“என்னத்த அங்கிள் கேக்குறது? ஆபீஸ்ல போயி யாரு லா சாம்பிராணி போடுறா?”

அன்று இரண்டு முறை இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டேன். இரண்டும் ஒத்துவரவில்லை. மறுநாள் ஆய்வகத்துக்கே போய், பழைய படிவங்கள் சிலவற்றைக் காட்டச் சொன்னேன். முப்பத்தொரு படிவங்கள். இருபத்தொன்பதில் ‘தியாடா’. இரண்டில் ஒன்றுமே எழுதவில்லை. அந்தக் கட்டம் எப்படி வந்தது என்பதை எழுதிக் கொடுங்கள், பாஸிடம் காட்டுகிறேன், தொழில்நுட்பர்களின் ஆண்டு மலரிலும் போடலாம் என்று தேவி சொன்னார். அதனால்தான் எழுதுகிறேன்.

இந்த வேலை தெரியாதவர்களுக்காகச் சில வரிகள். மூடிய அறையின் காற்றில் பாக்டீரியாக்களும் பூஞ்சை வித்துகளும் மிதக்கின்றன. கண்ணுக்குத் தெரியாது. அவற்றைப் பிடித்து, வளர்த்து, எண்ணுவதுதான் எங்கள் வேலை. பிடிப்பதற்கு உள்ளங்கை அகலத்தில் ஓர் உலோகத் தலை உண்டு. அதில் நானூறு ஓட்டைகள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் எண்ணிப் பார்த்தேன். முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பதுதான் வந்தது. மறுபடியும் எண்ணியபோதுதான் ஒன்று அடைத்திருப்பது தெரிந்தது. ஓட்டைகளுக்குக் கீழே ஒரு வட்டத் தட்டு. அதில் நம் வீடுகளில் கடற்பாசியில் செய்யும் அகர் அகர் இனிப்பைப் போன்ற கூழ் உறைந்திருக்கும். பம்பு ஐந்து நிமிடம் காற்றை இழுக்கும். காற்றில் வருவது கூழில் மோதி ஒட்டிக்கொள்ளும். பாக்டீரியாத் தட்டை உடம்புச் சூட்டில் இரண்டு நாளும், பூஞ்சைத் தட்டை அதைவிடக் குளிர்ந்த அலமாரியில் ஐந்து நாளும் வைத்திருப்போம். ஒட்டியது ஒவ்வொன்றும் ஒரு புள்ளியாக வளரும். அந்தப் புள்ளிகளை எண்ணுவோம். கட்டிடத்துக்கு வெளியேயும் அதே போல எடுக்க வேண்டும். வெளிக்காற்று எப்படி என்று தெரியாமல் உள்காற்றைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது.

சித்தியவான் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் என் அப்பா டிரெசர், அதாவது தோட்டத்து மருத்துவமனையில் மருந்து கொடுப்பவர். நான் பள்ளியில் ஆறாம் படிவ வகுப்பை முடித்துவிட்டு ஈப்போவுக்கு வந்து ஒரு தனியார் ஆய்வகத்தில் சேர்ந்தேன். முதல் பதினொரு மாதம் கண்ணாடிப் பாத்திரங்கள் கழுவினேன். பிறகு கூழ் காய்ச்சினேன். பகுதி நேரமாகப் படித்துச் சான்றிதழ் வாங்கினேன். தண்ணீர், உணவு, கடைசியில் காற்று. படிப்பைப் பற்றி இவ்வளவு போதும்.

காற்றுப் பிரிவுக்குத் தலைவர் நவரத்தினம் சார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம், மூன்றாம் தலைமுறை. வீட்டில் பேசும் தமிழைத்தான் வேலையிலும் பேசுவார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை, பாராட்டியும் கேட்டதில்லை. தட்டுகளை எண்ணுவதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். நான் முதலில் எண்ண வேண்டும். ஒவ்வொரு புள்ளிக்கும் தட்டின் பின்புறம் நீலப் பேனாவால் ஒரு குறி. எண்ணிக்கையை ஒரு தாளில் எழுதி, மடித்து, உறையில் போட்டுவிட்டு, நீலக் குறிகளை எரிசாராயத்தால் துடைத்துவிட வேண்டும். தட்டு எந்த அறையுடையது என்று எழுதிய இடத்தில் அவர் ஒரு காகிதத்தை ஒட்டி மறைத்துக்கொண்டு சிவப்புப் பேனாவால் எண்ணுவார். பிறகுதான் உறையைப் பிரிப்போம். இரண்டும் ஒத்தால் தலையை ஆட்டுவார். ஒத்துவராவிட்டால் இருவரும் முதலிலிருந்து.

“தட்டு யாருடையது எண்டு தெரிஞ்சால் கண் தனக்குப் பிடிச்ச மாதிரி எண்ணும்” என்று ஒரே ஒரு முறை காரணம் சொன்னார்.

இனி, அந்தப் பதினேழாவது கட்டத்துக்குக் காரணமான சிலிம் ரிவர் விஷயம். பதினோரு ஆண்டுகளுக்கு முன் நடந்தது.

சிலிம் ரிவருக்கு அப்பால் ஒரு பழைய ரப்பர் தோட்டம். ரப்பர் மரங்களை வெட்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனை போட்டு வெகு காலமாகிவிட்டது. ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டுப் புகை போட்டுக் காய வைத்த புகைவீடு மட்டும் இடிக்காமல் இருந்தது. தடித்த சுவர், சன்னலே கிடையாது, எதிரெதிரே இரண்டு பெரிய கதவுகள். கிளினிக்குகள், வழக்கறிஞர்களின் பழைய கோப்புகளைப் பாதுகாத்து வைக்கும் ஒரு நிறுவனம் அதை வாடகைக்கு எடுத்து, ஏர்கோன் மாட்டி, அலமாரிகள் போட்டிருந்தது. கோப்பு எடுத்துக் கொடுக்கும் வேலை சரோஜா என்ற பெண்மணிக்கு. வயது நாற்பத்தாறு. அதே தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவர். கணவர் இல்லை. நான்கு ஆண்டுகளாக அந்த அறையில் தனியாக வேலை. மூன்றாம் ஆண்டிலிருந்து இருமலும் மூச்சிரைப்பும்.

அறையின் காற்றுதான் காரணம் என்று அவர் புகார் எழுதிக் கொடுத்தார். நிறுவனம் பதில் கடிதம் கொடுத்தது. காற்றைச் சோதிப்போம். அறையில் குறை என்றால் அவரைப் பீடோரில் உள்ள அலுவலகத்துக்கு மாற்றுவோம். அறையில் குறை இல்லை என்றால் அது அவருடைய சொந்த நோய். உடல்நிலை காரணமாக வேலையிலிருந்து நிறுத்துவோம். அந்தக் கடிதத்தின் நகலும் எங்களுக்கு வந்திருந்தது. ஆகவே என் தட்டுகளில் என்ன தொங்கிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்துதான் போனேன்.

ஈப்போவிலிருந்து நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். நிறுவனத்தின் மேற்பார்வையாளர் தனபாலன், முப்பது வயது இருக்கும், வாசலில் நின்றிருந்தார்.

“வாங்கண்ணே. காத்தப் பிடிக்க வந்துட்டீங்களா? பாத்து, பழைய எடம். பேய் கீய் மாட்டிக்கப் போவுது.”

“இங்க பேயெல்லாம் இல்ல தம்பி” என்றார் உள்ளேயிருந்து வந்த சரோஜா. “மாசத்துக்கு ஒரு தடவ நீதான் வந்து போற.”

கதவைத் தாண்டியதும் குளோராக்ஸ் என்ற கிருமிநாசினியின் வாடை மூக்கில் ஏறியது. அதற்கு மேல் சாம்பிராணி. சிமெண்டுத் தரையின் மூலைகள் இன்னும் ஈரமாக இருந்தன. முன்சுவரின் வெள்ளைப் பெயிண்ட் துடைத்துப் பளிச்சென்று இருந்தது.

“காலையில ஆறு மணிக்கே வந்துட்டேன்ணே” என்றார் சரோஜா. “ரெண்டு கதவையும் தெறந்து போட்டு, ரெண்டு கிப்பாஸ வெச்சு காத்து விட்டு, அடியோட கழுவி விட்டுட்டேன். இப்பதான் கதவ சாத்தி ஏர்கோன் போட்டேன். எப்படி இருக்கு?”

கிப்பாஸ் என்பது மின்விசிறி. கதவருகே இன்னும் இரண்டும் நின்றுகொண்டிருந்தன.

நான் அப்போதே பெட்டியை மூடிக்கொண்டு திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. அன்றைக்கென்று கூழ் ஊற்றிய தட்டுகள், அவ்வளவு தூரம், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற தனபாலன் என்று பல காரணங்கள் சொல்லலாம். உண்மையான காரணம் வேறு. என் அப்பா டிரெசராக வாரம் ஒரு முறை லயங்களைப் பார்வையிடப் போவார். நோட்டுப் புத்தகத்தோடு அவர் வருவதற்குள் ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் வாசல் வரை கழுவி, சாம்பிராணி போட்டு, கதவருகே நிற்பாள். சுத்தமில்லாத வீட்டின் எண் நோட்டில் ஏறும். பிறகு மானேஜர் வரை போகும். அப்பா தலையை ஆட்டினால் அந்த வீட்டுக்கு அந்த வாரம் நிம்மதி. சிறு வயதில் நானும் பின்னால் போயிருக்கிறேன். சரோஜா கதவருகே நின்ற நிற்பு அதே நிற்பு. அந்த முகத்தைப் பார்த்ததும் என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

“நல்லா சுத்தமா இருக்கும்மா.”

சோதனைக்காரன் சொல்லக் கூடாத வார்த்தை. லயத்தில் வளர்ந்தவர், டிரெசரின் மகன், இருவரும் சேர்ந்து அந்தச் சோதனையைக் கெடுத்தோம்.

பிறகு எல்லாவற்றையும் முறைப்படி செய்தேன். உட்கார்ந்திருப்பவரின் மூக்கு உயரம், தரையிலிருந்து நூற்றுப்பத்து சென்டிமீட்டர், அளந்து வைத்தேன். ஒவ்வொரு தட்டுக்கும் முன்பு உலோகத் தலையை எரிசாராயத்தால் துடைத்தேன். உள்ளே மூன்று இடங்கள், வெளியே இரண்டு. திறக்காமல் கொண்டுபோய்த் திறக்காமல் கொண்டுவரும் தட்டு ஒன்று, வழியில் அழுக்குச் சேரவில்லை என்று காட்ட. தட்டுகளைக் கவிழ்த்துக் குளிர்பெட்டியில் அடுக்கினேன். சரோஜா தன் மேசை முன் உட்கார்ந்திருந்த இருபது நிமிடத்தில் பதினான்கு முறை இருமினார்.

ஐந்தாம் நாள் எண்ணினேன். பூஞ்சைத் தட்டுகளில் உள்ளே ஒன்பது, பதினொன்று, எட்டு. வெளியே முப்பத்துநான்கு, இருபத்தொன்பது. நவரத்தினம் சாரின் எண்ணிக்கையும் அதேதான். இதை அப்படியே அறிக்கையாக எழுதினால், வெளிக்காற்றைவிட அந்த அறை சுத்தம். சரோஜாவுக்கு வேலை இல்லை.

சார் தலையை ஆட்டவில்லை.

“சன்னல் இல்லாத கட்டிடம் எண்டு நீர்தானே எழுதியிருக்கிறீர்?”

“ஆமாங்க சார்.”

“பிறகு எப்பிடி வெளியிலை இருக்கிறதை விடக் குறைய வரும்? உள்ளுக்குப் போகேக்கை என்ன மணத்தது?”

சொன்னேன். குளோராக்ஸ், சாம்பிராணி, ஈரத் தரை, திறந்து போட்ட கதவுகள், இரண்டு மின்விசிறிகள். ‘நல்லா சுத்தமா இருக்கும்மா’ என்று நான் சொன்னதையும் சொன்னேன்.

“இது எங்கை எழுதியிருக்கு?”

“அதுக்குக் கட்டம் இல்லங்க சார்.”

அவர் அடிக்கோலை எடுத்தார். பதினாறாவது கட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் இருந்த இடைவெளியில் நான்கு கோடுகள் போட்டார். கோடு காயும்வரை பொறுத்திருந்து தாளை என் பக்கம் திருப்பினார்.

“இப்ப இருக்கு. எழுதும்.”

பதினேழாவது கட்டம் அன்று பிறந்தது. அதை முதலில் நிரப்பியவன் நான்.

சரோஜா பதினான்கு முறை இருமியதையும் எழுதட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். “நாங்கள் டொக்டர் இல்லை. எங்கடை கணக்கு தட்டோடை முடியும்.” பிறகு உள்தட்டுகளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். அந்தச் சில புள்ளிகளிலும் பெரும்பாலானவை ஒரே வகை: நீலமும் பச்சையும் கலந்து, ஓரத்தில் வெள்ளைக் கரை போட்டது; பெனிசிலியம் குடும்பம். வெளித்தட்டுகளில் அது ஏறக்குறைய இல்லை. “இது வெளியிலை இருந்து வந்தது இல்லை” என்றார். “உள்ளுக்கு எங்கையோ இருக்கு.”

அறிக்கையை நிறுத்தி வைத்தோம். மறுநாளே தனபாலன் தொலைபேசியில் வந்தார். ஒலிபெருக்கியில் நானும் கேட்டேன்.

“சார், காத்து நல்லாத்தானே வந்துருக்கும். ஒரு சைன் போட்டு அனுப்ப வேண்டியதுதானே?”

“நீங்கள் கேட்டது அந்த அறையின்ரை காத்தை” என்றார் சார். “நாங்கள் பிடிச்சது கதவைத் திறந்து கழுவி விட்ட பிறகு இருந்த காத்தை. பிழை எங்கடை. திரும்ப வருவம்.”

பிழை எங்களுடையது என்று அவர் சொன்னபோது என் பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை.

நிறுவனத்துக்கு ஒன்று, சரோஜாவுக்கு ஒன்று என்று இரண்டு கடிதங்கள் அனுப்பினோம். அடுத்த வாரத்தில் ஒரு நாள் வருவோம், எந்த நாள் என்று சொல்ல மாட்டோம். நாங்கள் வந்து போகும்வரை அறையைக் கழுவவோ கூட்டவோ கூடாது. சாம்பிராணி கூடாது. ஏர்கோனும் வேலையும் எப்போதும் போல நடக்க வேண்டும். கடிதம் கிடைத்த அன்றே சரோஜா அழைத்தார்.

“அண்ணே, கூட்டக்கூடாதுன்னு லெட்டர்ல போட்டுருக்கு. சரியாத்தான் எழுதினீங்களா?”

“சரியாத்தாம்மா எழுதியிருக்கு.”

“ஒரு வாரம் கூட்டாம போட்டா, வர்றவங்க என்னைய என்ன நெனப்பாங்க?”

“வர்றது நாங்கதாம்மா.”

“அதத்தான் சொல்றேன்.”

நான் கடிதத்தின் நகலை எடுத்து மறுபடி படித்தேன்.

“ஒரு நாளு எங்க வீட்டுக்கு வந்து பாருங்கண்ணே. தரையில சோத்தப் போட்டுத் திங்கலாம். லாலான் புல்லுக் காடு மாதிரி கெடந்த எடத்த நான் எப்படி வெச்சிருக்கேன் தெரியுமா?”

“தெரியும்மா. ஆனா நீங்க கூட்டினா உங்க வேல போயிரும்.”

“கூட்டினா வேல போவும்னு சொன்ன மொத ஆளு நீங்கதான்” என்று சொல்லி வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை போனேன். அவர் கூட்டவில்லை. மேசையைச் சுற்றிக் காகிதத் துணுக்குகள் கிடந்தன. கதவருகே காய்ந்த இலைகள் ஐந்து. நான் உள்ளே போனபோது அவர் எழுந்து, செருப்பால் ஓர் இலையை ஓரமாக நகர்த்தினார். வழக்கம் போலக் கோப்புகளை எடுத்து வைத்துக்கொண்டிருக்கச் சொன்னேன். அதே மூன்று இடங்கள், அதே உயரம், அதே ஐந்து நிமிடம்.

வேலை முடிந்ததும் கைவிளக்கை எடுத்துக்கொண்டு கடைசி அலமாரிக்குப் பின்னால் தலையை நீட்டினேன். நிறுவனத்தார் முன்சுவர்களுக்கு மட்டும் வெள்ளையடித்திருந்தார்கள். அலமாரிக்குப் பின்னால் இருந்த சுவர் பழைய புகைவீட்டுச் சுவரேதான். பல ஆண்டுப் புகைக்கரி அப்பிக் கறுப்பாக இருந்தது. ஏர்கோன் குழாய் அந்தச் சுவரின் மேல்பக்கமாகப் போனது. அதன் உறை கிழிந்து, தண்ணீர் சுவரிலேயே வழிந்துகொண்டிருந்தது. பார்வைக்கு வெறும் கரிதான். ஒட்டுநாடாவின் பசைப்பக்கத்தைச் சுவரில் அழுத்தி எடுத்து ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து நுண்ணோக்கியில் பார்த்தேன். கரித்துகள்களுக்கு நடுவே சிறு துடைப்பங்களைப் போல நிற்கும் பூஞ்சைக் காம்புகள், நுனியில் சரம் சரமாக வித்துகள். கறுப்பின் மேல் இருண்டு வளர்ந்ததால் நான்கு ஆண்டாக யார் கண்ணிலும் படவில்லை.

தட்டுகளை இந்த முறை மூன்றாம் நாளிலிருந்தே தினமும் எண்ணினோம். ஐந்தாம் நாள் உள்ளே நூற்றெண்பத்தேழு, இருநூற்று நான்கு, நூற்றுத் தொண்ணூற்றுமூன்று. வெளியே முப்பத்தொன்று, முப்பத்தாறு. ஒரே ஓட்டை வழியாக இரண்டு மூன்று வித்துகள் விழுந்திருக்கலாம் என்பதற்கு ஒரு திருத்த அட்டவணை உண்டு. அதைப் போட்டால் இன்னும் கூடும். போட்டோம். விதிமுறையின் வரம்பைத் தாண்டியது. அறிக்கை போயிற்று. அறையைப் பூட்டினார்கள். சரோஜாவுக்கு பீடோருக்கு மாற்றல் வந்தது.

இத்தோடு முடித்துவிட்டால் கதை நன்றாக இருக்கும். ஆனால் இரண்டு வாரம் கழித்து சரோஜா ஈப்போவுக்கு வந்தார். மூச்சுப் பரிசோதனைக்காகப் பெரிய மருத்துவமனைக்கு வந்தவர், பேருந்து ஏறி எங்கள் ஆய்வகத்தைத் தேடி வந்துவிட்டார்.

“நான் சுவாசிச்சத பாக்கணும்ணே” என்றார்.

கேட்ட நிறுவனம் அறிக்கையை ஏற்றுக்கொள்ளும்வரை தட்டுகளை ஒட்டி மூடி வைத்திருப்போம். நவரத்தினம் சாரைப் பார்த்தேன். தன் மேசையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தவர், எழுதுவதை நிறுத்தாமல் சரி என்று கையைக் காட்டினார். இருநூற்று நான்கு புள்ளித் தட்டை எடுத்து வந்தேன். சரோஜா அதை இரண்டு கையாலும் வாங்கி வெகுநேரம் பார்த்தார். பச்சையும் நீலமும் வெல்வெட் துணி போல் படர்ந்திருந்தது.

“இதெல்லாம் அந்த ஒரு வாரம் நான் கூட்டாம போட்டதுல வந்ததா?”

“இல்லம்மா. செவுத்துல இருந்து வந்தது. அலமாரிக்குப் பின்னால. நீங்க கழுவி விட்ட அன்னைக்கும் இதே சாதிதான் இருந்துச்சு, கொஞ்சமா.”

“நெசமாவா?”

“எண்ணி வெச்சிருக்கோம்.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். பீடோர் மாற்றல் கடிதம் கையில் கிடைத்தபோதுகூட அவருக்கு இந்த நிம்மதி வந்திருக்காது என்று தோன்றியது. அந்த அழுக்குத் தன்னுடையதல்ல என்பதைக் கேட்கத்தான் பேருந்து ஏறியிருக்கிறார்.

“நான் தெனமும் காலையில வெளக்கமாத்த போட்டு கூட்டி எடுப்பேன்ணே. இருமல் கூடுனா ரெண்டு தடவ. அதனால கொஞ்சமாச்சும் கொறஞ்சிருக்கும்லா?”

காய்ந்த தரையில் துடைப்பம் போட்டால், கீழே படிந்த வித்துகள் எழும்பி மூக்குயரத்துக்கு வரும். வெகு நேரம் அங்கேயே நிற்கும். இந்தத் தொழிலில் எவரும் முதல் ஆண்டிலேயே கற்றுக்கொள்வது அது. என் மனம் அதற்குள் கணக்குப் போட்டுவிட்டது: நான்கு ஆண்டு, மாதம் இருபத்துநாலு நாள், ஆயிரத்து நூற்று ஐம்பத்திரண்டு காலைகள். வாயைத் திறந்தேன்.

“ஓம் பிள்ளை” என்றார் நவரத்தினம் சார் தன் மேசையிலிருந்து. பேனா நின்றிருந்தது. “குறைஞ்சிருக்கும்.”

பத்தொன்பது ஆண்டுகள் அவரிடம் வேலை பார்த்தேன். தெரிந்தே அவர் சொன்ன தவறான விடை எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். நான் அதைத் திருத்தவில்லை. ஆனால் சும்மா விடவும் மனம் வரவில்லை. ஒரு தாளை எடுத்து, பீடோர் அலுவலகத்துக்கு என்று தலைப்பிட்டு, மூன்று வரி எழுதிக் கொடுத்தேன். ஏர்கோன் குழாயில் தண்ணீர் சொட்டினால் அன்றே சொல்லவும். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு கை தள்ளி வைக்கவும். துடைப்பம் வேண்டாம், ஈரத்துணியால் மட்டும் துடைக்கவும்.

மூன்றாவது வரியில் அவர் விரல் சற்று நின்றது. ஏன் என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். கேட்டால் சொல்லிவிடுவது என்றும் முடிவு செய்திருந்தேன்.

“இதுக்கென்னண்ணே” என்று தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தார். “ஈரத்துணி போட்டா இன்னும் பளபளன்னுதான் இருக்கும்.”